கடன்பட்டோர் பேரேடு

இலங்கையில் வணிகம் படித்த எவருக்கும் பாடசாலையிலேயே சொல்லித்தரப்படும் இரண்டு பதிவுகள் உண்டு. ஊழியருக்குக் கொடுத்த முற்பணம் நிறுவனத்தின் சொத்து; வேலை வாங்கிவிட்டு இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் சம்பளம் நிறுவனத்தின் பொறுப்பு. முதலாவதில் ஊழியர் கடன்பட்டவர், இரண்டாவதில் கடன் கொடுத்தவர். இவ்விரண்டையும் ஒரே ஐந்தொகையில், அதாவது சொத்தையும் பொறுப்பையும் சேர்த்துக் காட்டும் இருப்புநிலைக் கணக்கில், வைத்துப் பார்த்தால்தான் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டியிருக்கிறது என்பது தெரியவரும். பிரித்தானியர் காலத்துப் பெருந்தோட்டங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அரிச்சுவடிப் பாடந்தான் நினைவுக்கு வருகிறது. முதலாவது பதிவைச் சதம் பிசகாமல் எழுதிவைத்த தோட்டத்துரைமார் என்ற வெள்ளைக்கார முகாமையாளர்கள், இரண்டாவதைக் கடன் என்றே எண்ணாமல் பல பத்தாண்டுகளைக் கழித்திருக்கிறார்கள்.

நான் கொழும்புக் கோட்டையில் கணக்காய்வுத் தொழில் பார்க்கிறவன். தாய்வழியில் என் குடும்பம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இறங்கி வந்தது. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அட்டைக்கடியிலும் குளிரிலும் லயம் என்ற வரிசைக் குடியிருப்பிலும் தொடங்குவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மலையில் என்ன நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்த காகிதங்கள் மலையில் இருக்கவில்லை. நான் தினமும் நடந்துபோகும் இந்தத் தெருக்களில், தோட்டங்களின் பணத்தையும் வியாபாரத்தையும் பார்த்த முகவர் நிறுவனங்களின் மாடிகளில் இருந்தன. ஆகவே நான் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

தொடக்கத்தில் நிலம் மலிவாகக் கிடைத்தது. 1830களில் கண்டி மலைகளில் முடிக்குரிய காணி என்று அரசாங்கம் உரிமை கொண்டாடிய காடுகள் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஆளுநர்கள், நீதிபதிகள், படை அதிகாரிகள், பாதிரிமார் எல்லோரும் இருந்தார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் தானே கோப்பி பயிரிட்டார். அதே பார்ன்ஸ்தான் கொழும்பு - கண்டி வீதியை இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தைக்கொண்டு வெட்டுவித்தவர். 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பத்திரம் காட்டமுடியாத காடும் தரிசும் முடிக்கே உரியவை என்று அனுமானித்துக்கொண்டது. நிலத்துக்குச் சட்டம் செய்தவர்களும் நிலத்தை வாங்கியவர்களும் ஒரே விருந்து மேசையில் உட்கார்ந்திருந்த காலம் அது. இதை ஒரு கணக்காய்வாளன் என்ன சொல்லி அழைப்பான் என்பதை விளக்கத் தேவையில்லை.

நிலமும் வந்தது, வீதியும் வந்தது, ஆள் வரவில்லை. சொந்தமாக ஒரு துண்டு வயலும் காடு வெட்டிப் பயிரிடும் சேனையும் வைத்திருந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவர் அந்தக் கூலிக்கு நாள்தோறும் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்து நிற்க விரும்பவில்லை. அதைச் சோம்பல் என்று துரைமார் எழுதிவைத்தார்கள். கட்டுபடியாகாத வேலையை மறுப்பதற்குப் பெயர் சோம்பல் என்றால், இலண்டனில் இருந்த பங்குதாரர்களை என்னவென்பது என்று எனக்குத் தோன்றும். ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களில் பஞ்சமும் மிராசுதாரரிடம் பட்ட கடனும் மனிதரை ஏற்கெனவே ஊரைவிட்டுப் பெயர்க்கும் நிலையில் வைத்திருந்தன.

கொழும்பிலுள்ள முகவர் நிறுவனம் தோட்டத்தின் கணக்கில் பணம் எடுத்துத் துரையிடம் கொடுக்கும். துரை அதை, ஆள் சேர்த்து வேலை வாங்கும் தலைவரான பெரிய கங்காணியிடம் கொடுப்பார். கங்காணி தம் ஊருக்குப் போய், சொந்தக்காரர், சாதிக்காரர், கடனில் தவிப்பவர் என்று பார்த்துப் பார்த்து ஆள் சேர்ப்பார். சேருகிறவரின் பழைய கடனை அடைப்பது, வழிச்செலவு, படகுக் கூலி, வழியில் தின்ற அரிசி, ஒரு கம்பளி எல்லாம் அந்த முற்பணத்திலிருந்து போகும். பாம்பன் கடந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்துவந்தவர்களில் வாந்திபேதியாலும் பசியாலும் பாதையிலேயே இறந்தவர்கள் பலர். நடந்து முடித்தவர் தோட்டத்துக்கு வந்துசேரும்போது ஒரு நாள்கூட வேலை செய்யாமலே கடன்காரராயிருப்பார்.

இந்த இடத்தில் இரண்டு பேரேடுகள் இருந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். தோட்டத்து ஆங்கிலப் பேரேட்டில் கங்காணியின் பெயரில் ஒரு மொத்தத் தொகை இருக்கும். அந்தத் தொகையில் எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு என்பது கங்காணியின் நினைவில் மட்டும் இருக்கும். முதலாவதைத் தொழிலாளியால் வாசிக்க முடியாது, இரண்டாவது எழுதப்படவே இல்லை. இறந்துபோன அண்ணனின் கடன் தம்பியின் தலையில் ஏறலாம், வழியில் செத்தவரின் செலவு வந்துசேர்ந்தவர்கள்மீது பகிரப்படலாம். மறுத்துச் சொல்ல ஒரு சிட்டைகூட அவர் கையில் கிடையாது. எழுத்தறிவில்லாதவரை ஏமாற்றினார்கள் என்று இதைச் சுருக்கிவிடக்கூடாது. வாசிக்கத் தெரிந்திருந்தாலும் வாசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கங்காணியை வில்லனாக்கி முடித்துவிடுவது நம்முடைய கதைகளில் வழக்கம். அவர் நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. தம் குழுவிலிருந்து பிரட்டுக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி விரட்டுவதில் அவருக்கு இலாபம் இருந்தது. ஆனால் அவரும் தோட்டத்துக்குக் கடன்பட்டவர், பல நேரங்களில் கொழும்புச் செட்டியார் தெருவிலும் கடன்பட்டவர். துரை செய்ய விரும்பாத வேலையை, அதாவது தம் இனத்தவரைக் கடனில் பிடித்துவைக்கும் வேலையை, தலைவீதக் கூலிக்கு எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர் அவர். ஆள் ஓடிப்போனால் நட்டம் முதலில் அவர் தலையில்தான் விழும். மேலேயிருந்த ஆபத்தைக் கீழே தள்ளும் இந்த ஏற்பாட்டின் திறமையை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மொரிசியஸுக்கும் பீஜிக்கும் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் ஒப்பந்தமில்லாத சுதந்திரத் தொழிலாளர்கள், ஒரு மாத முன்னறிவித்தலோடு எப்போதும் போகலாம் என்று தோட்டக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். காகிதத்தில் அது உண்மை. ஆனால் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. கடனுக்கு அது இல்லை. போக விரும்புகிறவர் கையில் 'துண்டு' இருக்கவேண்டும். இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன் வைத்திருக்கிறார்கள், அந்தத் தொகையைக் கட்டினால் அவர்களை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும், ஆட்கள் மாறுவார்கள், கடன் அவர்களோடே மாறும். ஆள் தட்டுப்பாடான காலத்தில் தோட்டங்கள் போட்டிபோட்டுக்கொண்டு கூடுதல் முற்பணம் காட்டிக் கங்காணிகளை இழுத்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் துண்டின் தொகை கூடியது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி தொழிலாளியின் கைக்கு வந்ததில்லை, ஆனால் கடன் மட்டும் அவருடையது. ஒரு மனிதக்கூட்டத்துக்குச் சந்தை விலை இருந்தது, அது எழுதப்பட்டிருந்தது, கைமாறியது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு ஒழிந்துவிட்டது என்று அதே அரசாங்கம் பதிவும் செய்திருந்தது.

துண்டில்லாமல் ஓடினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காத்திருந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைக்கு அனுப்பலாம். இரண்டு தரப்புக்கிடையிலான ஒரு கொடுக்கல் வாங்கலில், ஒரு தரப்பு தவறினால் பொலிசும் மறுதரப்பு தவறினால் வழக்குச் செலவும் என்று நடைமுறை இருந்தால், அதை ஒப்பந்தம் என்று அழைப்பதற்கே கூச்சப்படவேண்டும்.

இதுவரைக்கும் சொன்னது பேரேட்டின் ஒரு பக்கம். மற்றப் பக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

கோப்பித் தோட்டங்கள் கடன் வாங்கிய முதலில் நடந்தவை. அறுவடை ஆண்டில் ஒரு பருவம். பறித்து, உலர்த்தி, மாட்டுவண்டியிலும், 1867க்குப் பிறகு கண்டியிலிருந்து கோச்சி என்ற புகைவண்டியிலும் கொழும்புக்கு அனுப்பி, கப்பலேற்றி, இலண்டனில் விற்றுப் பணம் திரும்புவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். அந்த இடைக்காலத்தை எப்படி ஓட்டுவது? வங்கியிலும் முகவர் நிறுவனத்திலும் கடன் வாங்கினார்கள், அதற்கு வட்டி கட்டினார்கள். இன்னொரு வழியும் இருந்தது. தொழிலாளியின் சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம், மூன்று மாதம், சில இடங்களில் அதற்கும் மேலாகச் சம்பளம் நிலுவையில் நிற்பது அக்காலத்தில் அதிசயமில்லை. அதற்கிடையில் உயிர் தரிக்க வாராவாரம் அரிசி அளந்துபோட்டார்கள், அதையும் சம்பளத்தில் எழுதிக்கொண்டார்கள்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் 200 பேர், அரிசியைக் கழித்தபின் ஒருவருக்கு மாதம் 4 ரூபாய் சேரவேண்டியிருக்கிறது, மூன்று மாத நிலுவை என்று வைத்துக்கொள்வோம். 2,400 ரூபாய் துரையின் கையில் நிற்கிறது. அது வட்டியில்லாத, பிணையில்லாத, கேட்டால் திருப்பித்தரவேண்டிய கட்டாயமும் இல்லாத கடன். ஒரு மாதம் மட்டும் நிற்பதில்லை, பழைய மாதத்தைக் கொடுக்கும்போது புதிய மாதம் அந்த இடத்துக்கு வந்துவிடும், ஆகவே அது நிரந்தர முதலாகவே தோட்டத்தில் தங்கிவிடும். கோட்டையிலிருந்த எந்த வங்கியும் அப்படி ஒரு கடனைக் கொடுத்திருக்காது. கங்காணியின் கணக்கில் கடன்காரராக இருந்த அதே மனிதர்தான் இதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு தொகையையும் நேருக்கு நேர் கழித்திருந்தால் எத்தனை பேருடைய துண்டில் பூச்சியம் விழுந்திருக்கும் என்பதை அறிய இன்று வழியில்லை. கழித்துப் பார்க்கும் நோக்கத்தோடு அந்தப் பதிவுகள் எழுதப்படவில்லை.

கோப்பியை இலைநோய் 1869இலிருந்து தின்னத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுக்குள் தோட்டங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கோப்பியில் பெருமளவு பணத்தைப் போட்டிருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கொழும்பில் கதவடைத்தது. ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பெயரால் உடனே உத்தரவாதம் கொடுத்தார். அதற்காக அவரை மெச்சி எழுதாத பொருளாதார வரலாறு குறைவு. நானும் மெச்சுகிறேன், அது துணிச்சலான முடிவுதான். ஆனால் அந்தத் தாள்களைக் கையில் வைத்திருந்தவரும் கடன் கொடுத்தவர், சம்பளம் வராமல் கைவிடப்பட்ட தோட்டத்தின் லயத்தில் உட்கார்ந்திருந்தவரும் கடன் கொடுத்தவர். முதலாமவருக்கு உத்தரவாதம் கிடைக்கச் சில நாள்கள் போதுமாயிருந்தன. இரண்டாமவருக்காக 1889இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது, மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று. சீர்திருத்தம் என்று கொண்டாடப்பட்ட சட்டமே இரண்டு மாத வட்டியில்லாக் கடனை நியாயமாக்கிக் கொடுத்தது.

தேயிலை வந்தபின் காகிதங்களின் அளவு பெருகியது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டார். 1873இல் இலண்டனுக்குப் போன முதல் தொகை 23 இறாத்தல். கொழும்பில் முதல் ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. ஏலத் தரகு, களஞ்சியக் கூலி, காப்புறுதி, முகவர் தரகு என்று தேயிலை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். மலைக்கு ஏறும் அரிசிக்கும் தரகு உண்டு. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அரிசியைத் தோட்டத்துக்கு வாங்கிக் கொடுத்ததும் பல சமயம் அதே முகவர் நிறுவனங்கள்தான். கொடுத்த கூலி அரிசி விலையாகத் திரும்பி வரும்போது அதிலும் ஒரு கீற்று நறுக்கப்பட்டது.

1901ஐ ஒட்டித் தகரச் சீட்டு முறை வந்தது. வருகிறவரின் கழுத்தில் தோட்டத்துக்குரிய இலக்கம் பொறித்த ஒரு தகரத் தட்டு. அதைக் காட்டினால் வழிச்செலவெல்லாம் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்தவர்களை ராகமை முகாமில் தடுத்துவைத்துப் பின்னர் மலைக்கு ஏற்றினார்கள். தென்னாபிரிக்கப் போயர் யுத்தக் கைதிகளை அடைத்துவைத்திருந்த அதே ராகமை.

துண்டை ஒழிக்கவேண்டும் என்ற குரல் கொழும்பிலிருந்தே எழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை அமைத்து, துண்டையும், வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தையும் எதிர்த்தார். இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டைச் சட்டவிரோதமாக்கியது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து பார்த்து, கொழும்பில் பத்திரிகை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் கண்டார். தோட்டத்துக்குள் போவதற்கே வேடம் தேவைப்பட்ட ஒரு நாட்டில் அவர் செய்த வேலையை நாம் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என்று நிர்ணயமானது. தேயிலையின் தரமே பெண்ணின் விரல் நுனியில் இருக்கிறது என்று விளம்பரம் செய்த தொழிலில், அந்த விரலுக்கு 11 சதம் குறைவு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதையும் வெட்டினார்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். 1960களில் வேலைக்குச் சேர்ந்தவர், ஆகவே இவர் கண்டது துரைமார் காலத்தின் வால். ஒரு பழைய செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) பக்கத்தை அவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். நீளமான தாள், நடுவில் மடிப்பு, மடிப்பில் செல்லரித்திருக்கிறது. இடது ஓரத்தில் பெயர்கள். அதை அடுத்து மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறிய கட்டம். முழுப் பேர் (முழுநாள் கூலி) கிடைத்த நாளில் ஒரு கோடு, கொழுந்து எடை குறைந்து அரைப்பேர் போட்ட நாளில் ஒன்றின் கீழ் இரண்டு. வலது பக்கம் முழுவதும் கழிவுகள்: அரிசி, மாவு, தேயிலைத்தூள், கம்பளி, முற்பணம், வண்ணார், நாவிதர், கோயில், சங்கம். நான் எண்ணிப் பார்த்தேன். சம்பாத்தியத்துக்கு ஒரே ஒரு பத்தி, பிடித்தத்துக்கு ஒன்பது.

“தம்பி, கடைசிக் கட்டத்தப் பாருங்க,” என்றார். “கறுப்பு மையில இருந்தா கைக்குக் காசு. சிவப்பில இருந்தா அடுத்த மாசத்துக்கு இழுக்கும். சிவப்பு வந்த வீட்டுப் பொம்பளைங்க சம்பள நாள்ல ஆபீஸ் பக்கமே வரமாட்டாங்க.”

அரைப்பேருக்கு எடையை எப்படிக் கழித்தீர்கள் ஐயா என்று கேட்டேன். கூடைக்கு இவ்வளவு, மழைநாளில் இலையிலுள்ள ஈரத்துக்கு இவ்வளவு என்று துரை சொல்லும் தொகையைக் கழிப்போம் என்றார். வெயில் நாளில் ஈரத்துக்குக் கழித்ததைத் திருப்பிப் போட்டதுண்டா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, தேநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குகளைப் பரிசோதித்தேன். ஊழியர் முற்பணம் என்ற தலைப்பில் அந்தத் தொழிலுக்குப் பொருந்தாத பெரிய தொகை நின்றது. விவரம் கேட்டபோது கடைப் பையன்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள், பெரும்பாலானோர் ஹற்றன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்துப் பெயர்கள். வேலையில் சேரும்போது வீட்டுக்குக் கொடுத்த பணம், ஒரு தரகருக்குக் கொடுத்த பணம், இரண்டும் பையனின் பெயரில் இருந்தன. தரகரின் கூலி எப்படிப் பையனுக்குக் கொடுத்த முற்பணமாகும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். முகாமையாளருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. பையன் அதற்குள் விட்டுவிட்டுப் போனால் யார் கட்டுவது என்று திருப்பிக் கேட்டார். அவர் கொடியவர் இல்லை. பையன்களுக்கு மூன்று வேளை நல்ல சாப்பாடு போடுகிறவர்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல் வர்த்தமானியில் வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் அது 1,350 ரூபாயானது. இந்தத் தொகைகளைப் பற்றிய விவாதத்துக்கு இங்கே கொழும்பில் குறைவில்லை. ஆனால் அரசு நடத்தும் தோட்டங்கள் சிலவற்றில் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தவேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்ததைப் பற்றி அதே அளவுக்குப் பேசக் காணோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே வெட்டப்பட்டது. செக்ரோலில் வெட்டு விழுந்த மாதமும் தேதியும் இருக்கிறது, நிதியின் கணக்கில் வரவு இல்லை. ஓய்வு வயதில் செக்ரோலில் பேர் வெட்டிக்கொண்டு வெளியே வரும் பெண் தன் சேமலாபத்துக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் அலைகிறார். ஐந்தொகையில் அந்தத் தொகை நடைமுறைப் பொறுப்புகளின் கீழ் ஆண்டுதோறும் முன்கொண்டு செல்லப்படுகிறது. தோட்டக் கணக்குகளைப் பரிசோதிக்கும் என் தொழில்நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வங்கிக் கடனுக்கு எழுதுவதுபோல இதற்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள், எத்தனை பேரிடம் வாங்கியது, எந்த ஆண்டிலிருந்து, எத்தனை வீத வட்டியில் என்று.